உறவினர் எவரும் இல்லை

லாரல் கிரீக், ஒஹையோ
அக்டோபர் 14

அன்பு மகன் கோல்பிக்கு,

அம்மா எழுதுவது. நலமா என்று கேட்க வாய் வரவில்லை. போன வியாழக்கிழமை உன்னை நேரிலேயே பார்த்துவிட்டேனே.

உன் நாய் இன்னும் உன் கட்டிலில்தான் படுக்கிறது. தையல் ஆலையை மூடியதும் நான் கல்லூரியில் சேர்ந்தது உனக்குத் தெரியும். காவல், நீதிமன்றம், சிறை மூன்றும் பாடம். நாற்பத்தேழு வயதில் பரீட்சைக்குப் படிக்கிறேன், சிரிக்காதே. நன்னடத்தை அதிகாரியாகி உன்னைப் போன்ற பிள்ளைகளைக் கரையேற்றுவேன் என்று வாய் கிழியப் பேசித் திரிந்தேன்.

வகுப்போடு நீ இருக்கும் சிறையைப் பார்க்கப் போக ஒரு படிவம் தந்தார்கள். அங்கே உறவினர் உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்றால் உள்ளே விடமாட்டார்கள், அதற்குப் பதில் கட்டுரை எழுதலாம் என்றார் ஆசிரியர். ஆனால் ஏன் வரவில்லை என்று எல்லோரும் கேட்பார்களே. 'இல்லை' என்று டிக் அடித்தேன். மறுமணத்தில் பெயர் மாறியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நீ அந்தச் சிறைக்கு மாற்றலாகி வந்ததும் அனுப்பிய பார்வையாளர் விண்ணப்பத்தை மூன்று வாரமாக நிரப்பாமல் வைத்திருந்ததும் இதற்குத்தான். அனுப்பியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். தபால் தாமதம் என்று போனில் சொன்னது பொய். இரண்டாயிரம் பேரில் உன் கண்ணில் படமாட்டேன் என்று துணிந்தேன்.

சமையற்கூடத்தில் நீ மாவு பிசைந்துகொண்டிருந்தாய். இளைத்துவிட்டாய்.

காவலர் உன் தோளைத் தட்டி, "இவன் மோர் ரொட்டி போட்டா வார்டனே ரெண்டு கேட்டு வாங்குவாரு. யாருடா சொல்லிக் குடுத்தா?" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"யாருமில்ல சார். தானா வந்துச்சு," என்றாய்.

என் பக்கத்தில் நின்ற பெண், இவனுகளைப் பெத்தவங்க எப்படித்தான் வளர்த்தாங்களோ என்று காதைக் கடித்தாள். நான் சிரித்தேன், கோல்பி. அவளோடு சேர்ந்து சிரித்தேன். அது உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நாங்கள் வெளியேறும்போது, "தரை ஈரமா இருக்கு, பாத்துப் போங்க மேடம்," என்றாய்.

உன்னை நீதிமன்றத்தில் விலங்கோடு பார்த்த அன்றுகூட நான் இப்படிக் கூனிக் குறுகியதில்லை. அன்று தப்பு உன்னுடையது.

திங்கட்கிழமை ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொய் எழுதிய ஆளுக்கு அந்த வேலை கிடைக்குமா என்று அவருக்கே தெரியவில்லை. கிடைக்காவிட்டால் போகட்டும். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் உங்கள் அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள் என்பது எனக்குப் பாடத்திலேயே வந்தது. படிக்கட்டும். மோர் ரொட்டி இவனுக்குத் தானாக வரவில்லை, ஆறு வயதில் நாற்காலி மேல் ஏற்றி நான் சொல்லிக்கொடுத்தேன் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

விண்ணப்பத்தை இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். உறவு என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதியிருக்கிறேன். நீ ஒப்புக்கொண்டால்தான் என்னை உள்ளே விடுவார்களாம். வேண்டாம் என்று நீ சொன்னாலும் உன் மேல் எனக்கு வருத்தமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உன்னோடு இருக்கட்டும். அன்று நான் செய்ததை நீ எனக்குச் செய்துவிடாதே, மகனே.

உன்னைப் பெற்றவள்,
வெர்னா