கைதட்டல் கேட்கும் வீடு

ஜாசின்
3.10.1996

அன்பு மகன் திருச்செல்வத்துக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் சுகம் என்று முதல் வரியில் எழுதித்தான் பழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார், நான் நடமாடுகிறேன், உன் அக்கா உஷாவும் பிள்ளைகளும் சுங்கை ரம்பாயில் நன்றாக இருக்கிறார்கள். இதைச் சுகம் என்று எடுத்துக்கொண்டால் சுகம்தான். நீ அந்த பர்மிங்காம் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு, தொழிற்சாலையில் கை கால் பத்திரமாக வேலை செய்வாய் என்று நம்புகிறேன்.

போன முறை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் இல்லை தம்பி, பதில் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்பாவைப் பாயா ரும்புட்டில் இருக்கிற அந்த முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று நீயும் உஷாவும் பேசி வைத்திருக்கிறீர்கள். அந்த இல்லத்தை நடத்துகிற அம்மாவும் தீபாவளிக்கு முன்னால் முடிவைச் சொல்லச் சொல்லியிருக்கிறார், கட்டில் ஒன்றுதான் காலியாம். நீங்கள் பேசியதில் தப்பு எதுவும் இல்லை. சித்திரை முடிந்து ஒரு காலையில் லாரியை எடுக்கப் போனவர் வாசலிலேயே சரிந்து விழுந்ததிலிருந்து வலது கையும் காலும் வரவில்லை, வாயில் ஒரு சொல் வரவில்லை. அவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிக்க வைத்து, கஞ்சி ஊட்டி, படுக்கையை மாற்றி, துணியை அலசி முடிப்பதற்குள் மறுபடி தூக்கி உட்கார வைக்கும் நேரம் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுத் தங்கராஜு தம்பி காலையில் வேலைக்குப் போகும் முன்னும் சாயங்காலம் வந்த பிறகும் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் உதவுகிறான். அவன் இல்லாத நேரம் நான்தான். என் இடுப்பு இப்போது என்னுடையதாகவே இல்லை. பசாருக்குப் போய் மீன் வாங்கிய நாள் ஞாபகம் இல்லை, தங்கராஜு மனைவி வாங்கி வருவதுதான் சாப்பாடு. உஷாவிடம் ஒரு நாள் உட்கார்ந்து அழுதுவிட்டேன், என்னால முடியலைடி, எங்கயாவது கொண்டுபோய் விட்டுடலாம் என்று நானேதான் சொன்னேன். அதை அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். ஆக, இந்த யோசனையை முதலில் எடுத்தவள் நான்தான், நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இந்தச் சில வாரங்களில் நடந்ததை எழுதுகிறேன், பொறுமையாகப் படி. ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற பெண், நல்ல பிள்ளை, அவருக்குப் பிடித்ததைக் காதில் போட்டுக்கொண்டே இருங்க ஆன்ட்டி, பேச்சு வர அது உதவும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். பிடித்தது என்றதும் உன் சுசீலா அத்தை பொறுப்பை எடுத்துக்கொண்டார். என் தம்பி கோயில் செயலாளராக இருந்தவன், அவனுக்குப் பிடித்தது என்ன என்று அக்காவுக்குத் தெரியாதா என்று பை நிறைய சாமி கேசட் கொண்டுவந்தார். காலையில் கவசம், பகலில் பஜனை, சாயங்காலம் காவடிப் பாட்டு. அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தவர்தான். அத்தைக்கு மனம் பொறுக்கவில்லை, சாமியையே வெறுத்துட்டானே என்று அழுது, பூசாரி அப்புசாமியை அழைத்துவந்து இடது கையில் மந்திரித்த கயிறு கட்ட வைத்தார். அந்தக் கயிறும் சேர்ந்து சுவரைப் பார்த்துக் கிடந்தது. இப்படியே மாதக்கணக்கில் போனது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன், இனி இந்த மனுசனுக்கு வாழ ஆசை இல்லை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அப்பாவின் அந்த இங்கிலீஷ் பாட்டு ரெக்கார்டுகள் எனக்கு ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை என்று நீ கேட்பாய். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று பார்க்க வந்தவர்கள் கூட்டத்தில், அத்தைதான் அலமாரியைத் திறந்து அட்டைகளைப் பார்த்து அலறினார். ஒன்றில் மண்டை ஓடு, ஒன்றில் தீப்பிழம்பு, ஒன்றில் தலைவிரி கோலமாய்ச் சட்டை இல்லாத ஆள். நோயாளி இருக்கிற வீட்டில் பேய்ப் படமா என்று எல்லாவற்றையும் பழைய போர்வையில் சுற்றி ஸ்டோர் அறையில் தள்ளிவிட்டார். அதெல்லாம் உன்னுடையது என்றுதான் அவர் நினைப்பு. ஊரே அப்படித்தான் நினைக்கிறது. கோயில் ஆட்கள் யாராவது வந்து, செயலாளர் வீட்டில் இதென்ன வெள்ளைக்காரன் கூச்சல் என்று கேட்டால், உன் அப்பா கொஞ்சமும் கூசாமல் எல்லாம் மகன் வாங்கினது லா, சின்ன பையன் சொன்னா கேக்கவா போறான் என்று உன் தலையில் கட்டிவிடுவார். நீ அப்போது நான்காம் வகுப்பு. பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவாய். எனக்கும் அந்த நேரத்தில் மூளை ஓடவில்லை. நோய் என்றால் சாமி பாட்டுதானே என்று என் மண்டையிலும் பதிந்திருந்தது.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை உஷா வந்தாள், இல்லத்துக்குக் கொடுத்து அனுப்ப அப்பாவின் துணிமணிகளை எடுத்து வைக்க. ஸ்டோரில் பெட்டி தேடியவள் அந்த மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து, அம்மா, இத என்ன செய்யறது என்று கேட்டாள். அப்போதுதான் தம்பி எனக்கு உறைத்தது. அவருக்குப் பிடித்தது இது. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இளவட்டமாக வேலை செய்த காலத்தில் கூட்டாளி காளிதாஸோடு ஆரம்பித்த பைத்தியம். பிறகு லாரி ஓட்டி சிங்கப்பூருக்கு எண்ணெய் கொண்டுபோகும்போதெல்லாம் ஒன்றொன்றாய் வாங்கி வந்தது. அதிலும் கச்சேரி மேடையில் ஆட்கள் முன்னால் பிடித்த ரெக்கார்டு மட்டும்தான் வாங்குவார். அறைக்குள் பூட்டிக்கொண்டு பாடியதை வாங்க மாட்டார். அது கண்ணாடிப் பெட்டியில் வைத்த வடை, இது சட்டியிலிருந்து நேராக இலைக்கு வருகிற வடை என்பார். தந்தி பிசகினாலும் பிசகினது பிசகினதுதான், அழிக்க முடியாது, மேலே வாசித்துக்கொண்டு போக வேண்டும், அதுதான் ஆம்பிளைத்தனம் என்பார். எனக்கு அவர்கள் பெயர் ஒன்றும் வாயில் நுழையாது. ஆனாலும் இத்தனை வருசம் சமையல்கட்டில் நின்று கேட்டதில் கூட்டத்தை வைத்தே அடையாளம் சொல்வேன். ஒருத்தன் விடாமல் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது ஒன்று. டிரம் மட்டும் தனியாக அடித்துத் தள்ளுகிறது ஒன்று, அது முடிவதற்குள் நான் மிளகாய் அரைத்து வழித்துவிடுவேன். மழை பெய்கிற மைதானத்தில் பிடித்தது ஒன்று. அவருக்கு உயிர், பாடகன் தொண்டை கட்டிப்போய்ப் பாடுகிற ரெக்கார்டு. ஊர் ஊராய்ப் பாடி அலைந்து கடைசி நாளில் குரல் போய்விட்டதாம், மேல் சுருதிக்கு எட்டாமல் அவன் நிறுத்துகிற இடத்தில் கூட்டம் மொத்தமும் அந்த வரியை எடுத்துப் பாடும். உலகத்தில் இதற்கு மேல் ஒரு ரெக்கார்டு கிடையாது என்று அவர் காளிதாஸிடம் சண்டை போட்டதை நீயும் கேட்டிருக்கிறாய்.

அதைத்தான் உஷாவைப் போடச் சொன்னேன். பிளேயரில் தூசி, ஊசியை நான் புடவைத் தலைப்பில் துடைத்தேன். முதலில் அந்தக் கூட்டத்துச் சத்தம் வந்தது, ஜிங்க் தகரக் கூரையில் தூரத்து மழை நெருங்கி வருகிற மாதிரி. அப்பா முதுகு அசைந்தது. முகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். முதல் பாட்டு முடிந்தது. பாடகன் மூச்சு வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து என்னவோ கேட்பான் இல்லையா, அவன் வாயைத் திறக்கும் முன்னால் கட்டிலிலிருந்து, தெளிவாக, ஆர் யூ ரெடி என்று வந்தது. உஷா கையில் இருந்த துணியைக் கீழே போட்டாள். பாட்டுக்குப் பாட்டு நடுவில் அவன் பேசுகிறதெல்லாம் இவருக்கு மனப்பாடம் போலிருக்கிறது. ஒவ்வொன்றையும் அவனுக்கு முன்னால் இவர் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் தேங்க் யூ, குட் நைட் என்று சொல்லிவிட்டு, கைதட்டல் ஓயும்வரை கண்ணீர் வடியப் படுத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். பிறகு நான் பக்கத்தில் போய், என் பேர் என்ன சொல்லுங்க, வேணின்னு சொல்லுங்க என்று கெஞ்சினேன். வாய் கோணியது, ஒன்றும் வரவில்லை. உன் பெயரும் வரவில்லை, உஷா பெயரும் வரவில்லை. ஆஸ்பத்திரிப் பெண் விளக்கினாள், திரும்பத் திரும்பக் கேட்டு ஊறிப்போன பேச்சு மூளையில் வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்குமாம், நாமாக யோசித்துச் சொல்கிற சொல்தான் அடிபட்ட இடத்தில் இருக்கிறதாம். அது வரலாம், வராமலும் போகலாம் என்றாள். இத்தனை வருசம் குடும்பம் நடத்திய என் பெயர் அடிபட்ட இடத்தில், எவனோ ஒரு வெள்ளைக்காரன் சொன்னது பத்திரமான இடத்தில். எனக்கு வயிறு எரிந்தது தம்பி, அதை மறைக்க மாட்டேன்.

ஆனாலும் வீடு மாறிவிட்டது. கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்தால் தேங்க் யூ, குட் நைட் என்கிறார், காலை எட்டு மணிக்கு. சுசீலா அத்தை போன வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டித் தேவாரம் பாடினார், பாடி முடித்ததும் இவர் ஒன் மோர் என்று கத்தினார். அத்தைக்கு ஒரே பூரிப்பு, தம்பி இன்னொன்று கேட்கிறான் என்று இரண்டாவது பதிகமும் பாடிவிட்டுத்தான் போனார். அந்த ரெக்கார்டெல்லாம் அவருடையது என்று அத்தையிடம் நான் இன்னும் சொல்லவில்லை, உன் தலையிலேயே இருக்கட்டும். தங்கராஜு வந்து தூக்கக் குனிந்தால் இவர் ஆர் யூ ரெடி என்று கேட்கிறார். அவனும் சளைக்காமல், ரெடி அண்ணே, ஜாசினே ரெடி லா என்று சத்தம் போட்டுத்தான் தூக்குகிறான். அப்போது அப்பா சிரிக்கிறார். வாய் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனால் சிரிப்பு அதேதான்.

இதற்குப் பிறகு உஷாவும் நானும் பஸ் ஏறிப் பாயா ரும்புட் போய் அந்த இல்லத்தைப் பார்த்தோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுத்தமாக இருக்கிறது, அந்த அம்மா முகம் நல்ல முகம். அங்கே ரெக்கார்டு போடலாமா என்று கேட்டேன். பெரிய கூடத்தில் எல்லாரும் சேர்ந்து படுத்திருக்கிறார்கள், மற்றவர்களுக்குத் தொந்தரவாகும், காதில் மாட்டிக்கொண்டு கேட்கட்டும் என்றார். அதுவும் நியாயம்தான். வாசல்வரை வந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். இவர் காதில் மாட்டிக்கொண்டு ஆர் யூ ரெடி என்று அந்தக் கூடத்தில் கேட்பார், யாரும் ரெடி என்று சொல்ல மாட்டார்கள். ஏதோ பினாத்துகிறார் என்று போர்வையை இழுத்துவிடுவார்கள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. திரும்பிப் போய், கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது உஷா, முடியலைன்னு நீதானேம்மா அழுத, இனிமே அழுதா நான் யார்கிட்ட போய் சொல்றது என்றாள். அவள் சொன்னதிலும் தப்பு இல்லை.

இதுதான் நீ கேட்டதற்கு என் பதில். அப்பா இங்கேயே இருப்பார். இதைப் படித்துவிட்டு அம்மா தெய்வம் என்று ஊரில் பேசுகிற மாதிரி நீயும் எழுதாதே, எனக்கு எரிச்சல் வரும். தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது. நான் நேற்று அரிசி களையும்போது நின்றுகொண்டே தூங்கி, தண்ணீர் வழிந்து கால் நனைந்து விழித்தவள். வீட்டுக்கு வருகிற எல்லாரும் அண்ணன் எப்படி, மாமா எப்படி என்று கட்டில் பக்கம் போகிறார்கள், திரும்பும்போது நான் கொடுத்த காப்பிக் கிளாசை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நீயும் போனில் அப்பா சாப்பிட்டாரா என்றுதான் முதலில் கேட்கிறாய். கேட்க வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதை நான் சொல்லாமல் யார் சொல்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ட நேரத்தில் ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே, ஒரு ரசமாவது வைக்கக் கற்றுக்கொள், ஈரக் காலுறையோடு நிற்காதே. உனக்குப் பார்த்திருந்த பெண் விசயம் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும், எனக்கு இப்போது கல்யாணம் பேசத் தெம்பு இல்லை. முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும், அப்பா சார்பிலும் நானே ஆசீர்வாதம் எழுதுகிறேன்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. லீவு கேட்டு வை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ, கிடைக்கிற நாளில் வா. அப்பாவைப் பார்க்க என்று வராதே. அவரைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன், அவருக்குக் கைதட்ட அத்தனை ஊர் ஜனம் அந்த ரெக்கார்டுத் தட்டில் இருக்கிறது. வந்து பெட்டியைக் கீழே வைத்ததும் என்னைப் பார்த்து, நீ போய்ப் படும்மா, நான் பார்த்துக்கிறேன் என்று சொல். இந்த வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை தம்பி.

இப்படிக்கு
உன் அம்மா
சே. கமலவேணி