என்ஜின் விளக்கு எரிந்த மாதம்

மார்ச் 3, செவ்வாய்

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் நாள் முழுக்க யார் யாருக்கோ சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பேச ஒரு ஆள் இல்லை. வரும் வழியில் காரில் என்ஜின் கோளாறு என்று மஞ்சள் விளக்கு வேறு எரிந்தது. இரவு அவர் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டார். "சாப்பிட்டியா? சரி, வச்சிடவா?" விளக்கைப் பற்றிச் சொன்னேன். வைக்கவில்லை!

மார்ச் 4, புதன்

பக்கத்துத் தெரு பட்டறையில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, இ.ஜி.ஆர். சென்சாரில் கோளாறு என்றார்கள். ஜெனரேட்டர் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டதற்கு இன்றுதான் பலன். வீடியோவில் பாடமே எடுத்தார். என்ஜின் விடுகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி என்ஜினுக்கே அனுப்புவார்களாம், உள்ளே எரிகிற சூடு குறைய. அதற்கு ஒரு வால்வு. அது எவ்வளவு திறந்தது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் சென்சார்.

"விட்ட புகையை அதுவே குடிக்குதா? அதைப் போட்டுக்கொடுக்க ஒரு ஆளு வேறயா?" என்றேன். சிரித்தார். அவர் சிரித்து எத்தனை மாதமாகிறது.

மார்ச் 7, சனி

என்ஜின் ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்தேன். போனில் அவர்: "சைலன்சருக்குப் போற குழாயைப் பாரு. அதுலேருந்து சின்னதா ஒண்ணு பிரிஞ்சு என்ஜினுக்கே திரும்பும். அது முடியற இடத்துல வால்வு. அது தலையில வயர் வருதா? அதான் சென்சார்."

என்ஜினுக்குப் பின்பக்கம் ஒளிந்திருந்தது. வயர் இணைப்பு அரைகுறையாக நின்றது. அழுத்தினேன் – டக்.

"கெட்டிக்காரிதான்டி நீ."

முகமெல்லாம் கரி. கழுவ மனசே வரவில்லை.

மார்ச் 11, புதன்

விளக்கு அணைந்துவிட்டது. "சாப்பிட்டியா? சரி, வச்சிடவா?"

மார்ச் 14, சனி

கழற்றிவிட்டேன். நானேதான். சென்சார் வயரின் பூட்டை நெம்பி, இணைப்பை இழுத்து – எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 17, செவ்வாய்

விளக்கு வந்துவிட்டது. என்ஜின் போட்டோ கேட்டார், அனுப்பினேன். முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்கச் சொன்னார். நாளைக்குக் குழாயில் கரி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். உறுத்துகிறது. ஆனாலும் வேலை முடிந்ததும் போனையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்திருக்கிறார். கண் சிவந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே எனக்கு வால்வு சுத்தம் செய்வது எப்படி என்று விளக்குகிறார். தாங்க முடியலை. எதுக்கு இந்த மனுஷனை இப்படிப் படுத்தறேன்?

"நான்தாங்க கழட்டினேன்" என்று சொல்லி அழுதுவிட்டேன். இனிமேல் கூப்பிடவே மாட்டார் என்று நினைத்தேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு, "தெரியும். அந்தப் பூட்டு தானா திறக்காது. போட்டோவுலயே பார்த்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ வயரைத் திரும்ப மாட்டிடுவ. அப்புறம் நான் யாருகிட்ட பேசறது?"

மார்ச் 24, செவ்வாய்

காலையில் இணைப்பை மாட்டிவிட்டேன். இரவு கூப்பிட்டார். காரைப் பற்றி ஒன்றுமில்லை, வேறெதைப் பற்றியும் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. ஆனால் யாரும் போனை வைக்கவில்லை. அங்கே அவர் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நானும் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுத் துணி மடித்தேன்.