ஜெனியின் நிறம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் தீர்ந்துவிட்டது, வாங்கணும். ஏழாம் வகுப்பு ஓவிய நோட்டு இன்னும் பார்க்கவில்லை.

மாலை எதிர்வீட்டு எமல்டா அக்கா வந்தார். மகள் ஜெனி டெங்குவில் போய் வருடம் ஆகப்போகிறது. நான் இந்தத் தெருவுக்கு வந்தது அதற்கப்புறம்தான்; அவளை நேரில் பார்த்ததில்லை. 20ஆம் தேதி நினைவுப் பூசை. அதற்குள் அவளை வரைந்து தர வேண்டும். கொடுத்தது ஒரே போட்டோ: சர்ச் ஹாலில் கிறிஸ்துமஸ் பாட்டு, மேடையில் ஜெனி வாய்விட்டுச் சிரிக்கிறாள். மஞ்சள் சுடிதார்.

ஜூலை 10, வியாழன்

உடையை வரைந்து முடித்தேன். அக்கா பார்க்க வந்தார்.

"மஞ்சளா? அது வெள்ளை, டீச்சர். நான்தான் தச்சேன். அன்னிக்குக் காலையில நான்தான் அயர்ன் பண்ணிக் குடுத்தேன்."

போட்டோவை நீட்டினேன். பார்க்கவே இல்லை. போய்விட்டார்.

துக்கத்தில் குழம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

ஜூலை 12, சனி

மனசு கேட்காமல் ஹாலுக்குப் போனேன். லைட் போடும் சலீம் இருந்தார். போட்டோவைக் காட்டினேன்.

"அன்னிக்கு இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் பச்சை போட்டேன் மேடம். ரெண்டும் சேர்ந்தா மஞ்சள்."

போட்டும் காட்டினார். என் வெள்ளைத் துப்பட்டா பளிச்சென்று மஞ்சள்.

வீட்டுக்கு வந்து சிவப்பையும் பச்சையையும் தட்டில் குழைத்தேன். சேறு. விளக்கில் சேர்க்கச் சேர்க்க வெளிச்சம் கூடுகிறது. பெயிண்டில் ஒவ்வொரு நிறமும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது. இருபத்திரண்டு வருட ஓவிய டீச்சர். ஒரு நாளும் விளக்கடியில் நின்று பார்த்ததில்லை.

அக்கா சொன்னதுதான் சரி.

அப்புறம்தான் உறைத்தது. முகமும் அதே விளக்குகளில். அப்படியானால் அவளுடைய நிறம்?

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிறு பூசை முடிந்ததும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். வேறு போட்டோ கேட்டேன். ஜெனியின் போனை எடுத்து வந்தார். நூற்றுக்கணக்கில். எல்லாவற்றிலும் முகத்தை ஆப்பில் வெளுப்பாக்கி வைத்திருக்கிறாள். ஒன்றிலும் அவள் இல்லை.

"நான்தான் காரணம், டீச்சர். வெயில்ல போவாதே, கறுத்துடுவேன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிச் சொல்லி..."

பிறகு முழுக்கை ரவிக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

"அவ அப்படியே என் நிறம். இதப் பாத்து போடுங்க."

ஜூலை 16, புதன்

லீவு. வானம் மூட்டம், நல்ல சீரான வெளிச்சம். அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, காவி போன்ற மஞ்சள் ஓக்கர், துளி நீலம். குழைத்துக் குழைத்து அவர் கையிலேயே ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். முதலில் செம்மை கூடியது. அப்புறம் சாம்பல் தட்டியது. ஏழாவது பொட்டு காய்ந்ததும் காணவில்லை. எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா கையை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு மேல ஒரு சொட்டு வெள்ளகூட சேக்காதீங்க டீச்சர்."

சேர்க்கவில்லை. பதினொரு மணிக்கு ஜெனியின் நெற்றியிலிருந்து ஆரம்பித்தேன்.