பெஞ்சில் பதினேழாம் எண்

ஆகஸ்ட் 7, வியாழன்

அலுவலக மின்விசிறிக்கு மூன்று வேகம் என்று பெயர். மூன்றும் ஒரே வேகம்தான். அதன் கீழே உட்கார்ந்து கால்பந்துச் சங்கத்தின் புது விதிப் புத்தகத்தைப் படித்து முடித்தேன். இந்தக் கிளப்பில் அதைப் படிக்கிற ஒரே ஜீவன் செயலாளரான நான்தான்.

நாம் ஆடும் இரண்டாம் பிரிவில் பதினாறு அணிகள். முதல் இரண்டு இடம் பிடித்தால் முதல் பிரிவுக்கு ஏறலாம், கடைசி இரண்டு இடம் என்றால் மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அது எப்போதும் உள்ளதுதான். புதிதாக வந்தது: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொடுக்கிற பதினெட்டுப் பேர் பட்டியலில் இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆட்டம் தோற்றதாகிவிடும்.

நம்மிடம் சரியாக மூன்று பேர் இருந்தார்கள். தம்பியையும் சேர்த்து.

அவன் ஏரியில் மூழ்கி ஆறு வாரம் ஆகிறது. பதிவு செய்த பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பதிவை ரத்து செய்யச் சொல்லும் கடிதத்தை மூன்று தடவை தட்டச்சு செய்தேன், மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். இறப்புச் சான்றிதழ் கைப்பையிலேயே கிடக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோச் வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினாலே வில்லங்கம்தான்.

"ஒரே ஒரு மேட்சுக்குத்தான்மா. பெஞ்சுல பேர் மட்டும் இருக்கட்டும். யாரு பார்க்கப் போறா?"

ஜனவரி வரை புதிதாக யாரையும் பதிவு செய்ய முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே ஒரு மேட்ச் என்று நம்புகிற மாதிரி இருவரும் முகத்தை வைத்துக்கொண்டோம்.

சரி என்றேன். கிளப்புக்காக என்று இங்கே எழுதினால் அது பொய். அவன் பெயரை ஒரு தடவையாவது பட்டியலில் எழுதிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

எழுதிவிட்டேன். மாற்று ஆட்டக்காரர், எண் 17. எழுத்து எப்போதும்போல் நேராக வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆட்டத்துக்கு முன்னால் துணை நடுவர் உடை மாற்றும் அறைக்குள் எட்டிப் பார்த்து, கொக்கிகளில் மாட்டியிருக்கும் ஜெர்சிகளை எண்ணுவார். முகங்களை எண்ணுவதில்லை. இந்தப் பிரிவில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? அதனால் உடுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பதினேழையும் மாட்டி வைத்தார். ஒன்றுக்குச் சுழியம் என்று ஜெயித்தோம்.

துணிகளை வாளியில் போடும்போது அவர் என்னைக் கூப்பிட்டார். பதினேழாம் எண் நனைந்திருந்தது. வேறு ஜெர்சியோடு கலந்திருக்கும் என்றேன். அவர் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வியர்வை நாற்றம் இல்லை. பாசி நாற்றம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆட்டம் முடிந்து வந்ததும் அவன் தண்ணீர் பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைப்பான். இன்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

செப்டம்பர் 6, சனி

நான்கு ஆட்டம், நான்கு வெற்றி. ஒரே ஒரு மேட்ச் என்ற பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

நடுவரின் அறிக்கை தபாலில் வந்தது. மஞ்சள் அட்டை: எண் 17, அறுபத்தொன்றாவது நிமிடம். எண்ணை மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்துப் போன் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாத்தியெல்லாம் எழுதலம்மா. பெஞ்சுல இருந்து எழுந்து வந்து கோட்டுக்கிட்ட நின்னு கத்தினான். ஜெர்சிக் கழுத்தைக் கடிச்சுக்கிட்டே கத்துறான், ஒரு வார்த்தை புரியல. வேகமான பையன். சொல்லி வைங்க."

சொல்லி வைக்கிறேன் என்றேன்.

பத்து வயதிலிருந்து கழுத்தைக் கடித்து எத்தனை சட்டையைப் பாழாக்கியிருக்கிறான். நான் அன்று பெஞ்சுக்குப் பத்தடி பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது. காலியாகத்தானே இருந்தது?

அக்டோபர் 11, சனி

அம்மா மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

பேப்பரில் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் அவன் பெயரைப் பார்த்திருக்கிறாள். பேப்பரை நான் ஒளித்து வைத்திருக்க வேண்டும். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், புடவை மாற்றி, குடை எடுத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி வந்து பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "முன்னைக்கு இப்போ இளைச்சுட்டான்."

அவளாகவே இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

நவம்பர் 15, சனி

இப்போது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவோம். அவன் மட்டும் ஒரு நாள் என்னிடம் வாய் திறந்தான். நம் ஆள் யாருமே இல்லாத இடத்திலிருந்து பந்து அவனுக்குத் திரும்பி வருகிறதாம். முதலில் பயமாக இருந்ததாம், இப்போது பழகிவிட்டதாம்.

எதிரணிக் கோச் ஒருவர் நம் கோச்சிடம் பதினேழை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். கோச்சுக்கு முகமெல்லாம் பல்.

அம்மா பார்க்கிறாள். நடுவர் பார்க்கிறார். ஊர் பேர் தெரியாத எதிரணிக்காரன் பார்க்கிறான். வாரா வாரம் பட்டியலில் அவனை எழுதுகிறவள் நான். எனக்கு மட்டும் ஏன்டா காட்ட மாட்டேங்குற? அக்கா மேல என்ன கோபம்?

ஜனவரி 12, திங்கள்

பதிவு திறந்துவிட்டது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைப் பதிவு செய்தேன். இனி சட்டப்படி தம்பியின் பெயர் தேவையில்லை. கோச்சிடம் சொன்னேன். அவர் பட்டியலைப் பார்த்தபடியே, எட்டாவது இடத்தில் முடிக்க வேண்டிய அணி இரண்டாவது இடத்தில் நிற்கிறது, யார் பெயரை எடுக்கச் சொல்கிறாய் என்று கேட்டார்.

எடுக்கச் சொல்லி அவரிடம் கெஞ்சவில்லை. அவர் மறுப்பார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

பிப்ரவரி 7, சனி

நான்கு மஞ்சள் அட்டை சேர்ந்து பதினேழுக்கு ஒரு ஆட்டம் தடை. அவன் பெயர் இல்லாத முதல் பட்டியல். நான்குக்குச் சுழியம் என்று தோற்றோம். அம்மா பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டாள். உடுப்பு அண்ணன் கொக்கியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார், அது ஈரமாகவே இல்லை.

பிப்ரவரி 14, சனி

திரும்ப எழுதினேன். மூன்றுக்கு ஒன்று. வெற்றி.

ஏப்ரல் 18, சனி

மணி ஐந்து. மைதானத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். எழுதிவிட்டால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

இதுவரை அவன் பெஞ்சில்தான் இருந்தான். இன்று ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது கோச் மாற்றுச் சீட்டை எழுதிக் கொடுத்தார். பலகை உயர்ந்தது. வெளியே 3, உள்ளே 17. நெட்டை ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். அப்புறம் கோட்டுக்கு வந்து, காற்றில் கையைத் தட்டிவிட்டு வெளியேறினான். யாரும் உள்ளே போகவில்லை. நடுவர் விசில் ஊதினார், ஆட்டம் தொடர்ந்தது.

மூன்று தடவை எண்ணினேன். பத்துப் பேர்.

கடைசி நிமிடத்தில் இடப்பக்கம் ஆளில்லாமல் பந்து உருண்டு போனது. கோட்டோரம் புல் வரிசையாக அமுங்கி அமுங்கி எழுந்தது. அங்கிருந்து பந்து வளைந்து வந்தது, நம் ஆள் தலையால் முட்டினான், கோல். எல்லோரும் எழுந்து கத்தினார்கள். அம்மா குடையைத் தூக்கி ஆட்டினாள். மைதானத்தில் உட்கார்ந்திருந்தது நானும் நெட்டையும்தான்.

இன்னும் ஒரு வெற்றி போதும், முதல் பிரிவு.

ஏப்ரல் 20, திங்கள்

நெட்டை அலுவலகத்துக்கு வந்து உடை மாற்றும் அறையில் இருக்கும் தன் பெட்டியின் சாவியை மேசைமேல் வைத்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோட்டில் கை தட்டும்போது எதிர்க்கையும் தட்டியதாம். சில்லென்று இருந்ததாம். ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல்கள் என்றான்.

"உங்க தம்பிங்கிறதால எடம் விட்டேன்க்கா. அடுத்த வாரமும் அவன்தானாம், கோச் சொல்லிட்டாரு. செத்தவன் பெஞ்சுல இருந்தா பரவால்ல. எனக்கு இருபத்தாறு வயசு, உயிரோட இருக்கேன். நான் எங்க போய் உட்கார?"

சாவியை அவன் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டு, இரண்டு நாள் பொறு என்றேன்.

பிறகு கோச்சிடம் போனேன். முதல் பிரிவுக்குப் போனால் ஒவ்வொரு ஆட்டக்காரரும் சங்கத்து டாக்டர் முன்னால் நேரில் நிற்க வேண்டும், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இதைக் கேட்டால் பயப்படுவார், விட்டுவிடுவார் என்று ஒரு நப்பாசை. அவர் நிதானமாகச் சொன்னார்: "வருவான்மா. மெடிக்கலுக்கும் வருவான்."

அவர் கேலி செய்யவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

கடிதத்தை நான்காம் தடவை தட்டச்சு செய்தேன். கிழிக்கவில்லை. இறப்புச் சான்றிதழின் நகலை வைத்து, எந்தத் தேதியிலிருந்து பொய்ப் பட்டியல் கொடுத்தேன் என்றும் எழுதி, நானே தபால் நிலையத்தில் சேர்த்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டுக் கேட்டாள்: "அவனை எடுத்துட்டியா?"

ஆமாம்மா என்றேன். அவள் அரிசியை உலையில் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன்.

மே 6, புதன்

தீர்ப்பு வந்துவிட்டது. அவனைக் கழித்தால் மூன்று பேர் இல்லாத ஆட்டங்கள் என்று, ஜனவரிவரை எடுத்த புள்ளிகள் அத்தனையும் போயிற்று. கடைசிக்கு முந்தின இடம். மேலே ஏற வேண்டியவர்கள் மூன்றாம் பிரிவுக்கு இறங்குகிறோம். மூன்றாவதாக இருந்த அணி நம் இடத்தில் மேலே போகிறது. கோச்சுக்கு இரண்டு வருஷம் தடை. எனக்கு, நானே சொன்னதால், எச்சரிக்கை மட்டும். இது நியாயமா தெரியவில்லை. உடுப்பு அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

பதினேழாம் எண் ஜெர்சி காய்ந்துவிட்டது.

மே 9, சனி

அம்மா இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். சொன்னேன். குடையை எடுக்கவில்லை.

ஜூன் 19, வெள்ளி

நெட்டை இங்கேயே ஆடுகிறானாம், மூன்றாம் பிரிவானாலும் சரி என்றான். பதிவைப் புதுப்பித்தேன். உடுப்பு அண்ணன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தையும் இல்லை, ஆனால் சர்க்கரை சரியாக இருந்தது.

வீட்டில் அம்மா இரண்டு பேருக்கு மட்டும் சமைக்கப் பழகிவிட்டாள். நல்லதுதான். நல்லதுதானே?

ஜூலை 22, புதன்

நம் இடத்தில் மேலே போன அணியின் செயலாளரிடமிருந்து ஒரு உறை வந்தது. கண்ணியமான கடிதம். உங்கள் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் மூன்று வாரமாக எங்கள் பயிற்சிக்கு வருகிறார், அதிகம் பேசுவதில்லை, ஆட்டம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, மருத்துவப் பரிசோதனை முடிந்தது, முதல் பிரிவில் பதிவு செய்ய உங்கள் கிளப்பின் ஒப்புதல் மட்டும் பாக்கி, படிவத்தை நிரப்பி அனுப்பவும்.

பெயரைப் பலமுறை படித்தேன். பிறந்த தேதியையும்.

படிவத்தின் மூலையில் புதுப் புகைப்படம் ஒட்டியிருந்தது. முடியை ஒட்ட வெட்டியிருக்கிறான், இரண்டு காதும் தெரிகிறது. இளைத்துத்தான் போயிருக்கிறான். ஒரு வருஷம் கழித்து எனக்கும் காட்டிவிட்டான்.

வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை, எப்படி என்றும் கேட்கவில்லை.

"சாப்பாடெல்லாம் அவங்க பார்த்துப்பாங்களா?"

பெரிய கிளப்பும்மா, நல்லாப் பார்த்துப்பாங்க என்றேன்.

சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். கடைசி வரியில் "ஆட்சேபணை உண்டு / இல்லை" என்று இருந்தது, பொருந்தாததை அடிக்க வேண்டும். பேனா கொஞ்ச நேரம் எழுதவில்லை, உதறினேன். "உண்டு" என்பதை அடித்தேன்.