மாடி வகுப்பில் இன்னோர் இடம்

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நான், கடை, உன் இரட்டை வாண்டுகள், என் மீசை எல்லாரும் சௌக்கியம். போனில் பேசினால் இரண்டும் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும். அதனால்தான் நாளை அங்கே திரும்பும் உன் அறைத்தோழியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று பள்ளி மாடியில் தனி வகுப்பு தொடங்குகிறார்கள். பரீட்சை வைத்தார்கள். நம்ம குண்டூசி தேறிவிட்டாள். அவள் விடையைப் பார்த்து வாத்தியார் மயங்கி விழ, சோடா தெளித்து எழுப்பினார்களாம். மூளை யார் பக்கத்தது என்று உனக்கே தெரியும். நான் எட்டாவதோடு நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

பஞ்சு தேறவில்லை.

அது அவளுக்குத் தெரியாது. முடிவு கேட்டு வந்த என்னை வாசலிலேயே மறித்து, "மாமா, ரெண்டு பேருமா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக, "பின்னே? மாமன் போய் நின்னா இல்லைன்னுடுவாங்களா?" என்றுவிட்டது. அன்றிலிருந்து ஒரே குதியாட்டம். ஜன்னலோரம் தனக்கு, பக்கத்து இடம் குண்டூசிக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. பாதித் தெருவுக்கு அவள் சொன்னாள், மீதிக்கு நான்.

மறுநாளே போய்த் தலைமையாசிரியை மேசையில் ஒரு தட்டு தட்டினேன்; கட்டடமே ஆடியது. "ஒரே வயித்துல பொறந்ததை மாடி, கீழேன்னு பிரிப்பீங்களாம்மா?" என்றேன். அந்த அம்மா அசையவில்லை. "தேறினவளை இன்னும் எத்தனை நாள் மத்தவங்களுக்காகக் காத்திருக்கச் சொல்றது? தேறாதவளை அங்க உட்கார வெச்சா மூச்சு முட்டும்" என்றார். நானும் ரிப்பேருக்கு வருகிற மிக்சிக்கு ஒரு பெஞ்சு, மோட்டாருக்கு ஒரு பெஞ்சு என்று பிரித்துத்தான் வைக்கிறேன். ஆனால் மிக்சி அழாதே!

நேற்று குண்டூசி தனியாகக் கடைக்கு வந்தாள். பள்ளிப் பலகையில் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்த்துவிட்டாளாம். "அவகிட்ட சொல்லிடாதீங்க மாமா. எனக்கு மாடி வேண்டாம்னு நானே டீச்சர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆசையில்லாத பிள்ளை அப்படிப் பேசாது.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. பஞ்சு பையோடு மாடி ஏறினால் எல்லார் முன்னாலும் இறக்கிவிடுவார்கள். குண்டூசி கீழேயே நின்றுவிட்டால், நீ கண்காணாத இடத்தில் கிடந்து படும் பாட்டுக்கு என்ன அர்த்தம்?

எனக்குப் பேசத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது. இதை மட்டும் நீ பேசு. ஞாயிற்றுக்கிழமையே கூப்பிடு. முதலில் பஞ்சுவிடம் பேசு. குரல் உடையாமல் சொல். மாமன் சொன்னது பச்சைப் பொய் என்றே சொல்லு, பரவாயில்லை. கூடப்பிறந்தவள் மேல் வருகிற கோபம் என் மேல் வந்து விழட்டும்.

நல்லாயிரும்மா.

உன் அண்ணன்