அப்பாவுக்கு ஓர் எய்பார் துப்பாக்கி

அன்பு மகள் ஒலாயாவுக்கு,

ஆக்லாந்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் நலத்துக்கு முத்திரை குத்திய சான்றிதழே இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பெரிய செய்தி. பல வார ஆலோசனைக்குப் பின் இரண்டு மாதம் முன்பு ஒரு வியாழக்கிழமை காலை நம் வீட்டில் இறுதி முடிவு எட்டப்பட்டது: அப்பா வாங்கப்போகும் துப்பாக்கிக்கு விசை ஒன்றல்ல, இரண்டு. அப்பா எழுந்து நின்று அறிவித்தார், நான் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். ஒற்றை விசைத் துப்பாக்கியில் அது பழுதானால் இரண்டு குழலும் ஊமையாகிவிடும், இரட்டை விசையில் ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்கும் என்பது வாதம். "கடவுள் எதுக்குடி ரெண்டு கிட்னி வச்சாரு?" என்று என்னைக் கேட்டார். நான் ரொட்டியை மறுபடி கையில் எடுத்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நல்ல துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நீ கேட்பாய். அது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். போன வேட்டைப் பருவத்தின் கடைசி ஞாயிறன்று அவருக்கும் தெரியவில்லை. வேட்டைச் சங்கத்து அறையில் பூண்டு சூப் பரிமாறிக்கொண்டிருந்தபோது, காலியாக இருக்கிறதென்று நினைத்து விசையை அழுத்தினார். கூரையில் ஓட்டை விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சங்கத் தலைவர் ஒனராத்தோவை உனக்குத் தெரியும், அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தாராம். "டேய் சத்தூரியோ, அந்த எடத்துல ஒரு கொக்கி வேணும்னு எத்தன வருஷமா சொல்லிட்டிருக்கோம், இன்னைக்குத்தான் உனக்குக் காது கேட்டுச்சா?" என்றிருக்கிறார். மறுநாளே அங்கே கொக்கி மாட்டிப் பன்றித்தொடை ஒன்றை உலரத் தொங்கவிட்டார்கள். அப்பா அதைத் தன் பங்களிப்பாகவே கருதுகிறார். கோடையில் அவர் ரொட்டிக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு நடந்து வீட்டுக்கு வந்து, கார் திருட்டுப் போய்விட்டதென்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததை நான் உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

துப்பாக்கி உரிமம் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை உண்டல்லவா, அவருக்கு முன்னால் நான் போய் டாக்டரைப் பார்த்தேன். என்னிடம் படித்தவன்தான். "டீச்சர், அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, கையும் நடுங்கல. மறதின்னா இந்த ஃபாரத்துல எழுத எடமே இல்ல, நீங்க ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன்" என்றான். ஸ்டேஷன் அதிகாரியும் என்னிடம் படித்தவன். "டாக்டரே கையெழுத்துப் போட்டப்புறம் நான் எப்படி டீச்சர் மாட்டேன்னு எழுதறது? அவரு எனக்கு ஞானத்தகப்பன் வேற" என்றான். பாதிரியாரிடம் போனேன், ஜெபிக்கிறேன் என்றார். மூவருக்கும் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். ஒருவரும் எழுத மாட்டேன் என்கிறார்கள். சரி, நீயே சொல்லவேண்டியதுதானே என்பாய். இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டு, எனக்கு மூலிகைத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

கடைசியில் ஒனராத்தோதான் ஒரு வழி சொன்னார். "அவன வராதேன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது டீச்சர். ஆனா குழல் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற பழைய மாதிரி ஒண்ண வாங்க வச்சுருவோம். நடுவுல மடக்கித் தெறந்து கைமேல போட்டுட்டு நடந்தா, அந்தக் கோடியில இருந்து பாத்தாலே உள்ள ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுரும்" என்றார். அன்றுமுதல் சங்கத்தார் அனைவரும் அப்பாவின் காதுபட இரட்டைக்குழலின் அழகைப் பற்றியே பேசினார்கள். பத்து நாளில் அது அப்பாவின் சொந்த யோசனையாகிவிட்டது. பிறகுதான் விசை ஒன்றா இரண்டா என்ற மாநாடு.

பலென்சியாவில் தெல்மோவின் துப்பாக்கிக் கடைக்கு நானும் கூடப் போனேன். எல்லாம் எய்பார் ஊர்ப் பட்டறைகளில் செய்தவை. புதுத் துப்பாக்கிகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன, அவை வக்கீல்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும். அப்பன் வைத்திருந்து மகன் வேண்டாம் என்று விற்றவை சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருக்கின்றன, நம் சலவை இயந்திரத்தைவிட மலிவு. மகளே, அன்று நீ உன் அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். குழல்களைக் கழற்றி ஒரு விரலில் தொங்கவிட்டு, தட்டி, மணிபோல ஒலிக்கிறதா என்று கேட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, எனக்குத் தெரியாத ஒரு நசுங்கலைக் கண்டுபிடித்தார். மூடிய துப்பாக்கியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். திறக்கும் நெம்புகோல் நடுவுக்கு வந்துவிட்டால் தேய்ந்த சரக்கு, கொஞ்சம் வலப்பக்கம் நின்றால் இன்னும் ஆயுசு இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நல்ல வேலைப்பாடு உள்ள ஒன்றை, அதில் செதுக்கிய வேட்டை நாய் செம்மறியாடு மாதிரி இருக்கிறதென்று தள்ளிவிட்டார். "நாயா அண்ணே சுடப்போகுது?" என்றார் தெல்மோ. "தினம் அது மூஞ்சியில முழிக்கணும்ல?" என்றார் அப்பா. அந்த ஒரு மணி நேரமும் அவர் எதையும் மறக்கவில்லை. எனக்குத்தான் நான் எதற்காக அங்கே வந்தேன் என்பது ஒரு கணம் மறந்துபோயிற்று.

அலங்காரம் இல்லாத, கட்டையில் ஒரு கீறல் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சுட்ட தோட்டாவை அது வெளியே எறியாது, கையால்தான் எடுக்க வேண்டும், அதனால் விலை இன்னும் குறைவு. நான் வீட்டிலேயே மனப்பாடம் செய்து போன ஒரே கேள்வியைக் கேட்டேன்: இதை மடக்கும்போது பாதுகாப்புப் பூட்டு தானாக விழுமா? "ஒவ்வொரு தடவையும் தானா விழும் டீச்சரம்மா. நீங்களே கையால நீக்கினாத்தான் சுடும்" என்றார் தெல்மோ. நாங்கள் அதை வாங்கினோம். சங்கத்துக் கூரையில் ஓட்டை விழுந்த பிறகு அன்றுதான் நான் தூங்கினேன்.

காகிதங்கள் முடிந்ததும் அப்பா பேருந்தில் தனியாகப் போய் வாங்கி வந்தார். மேசைமேல் வைத்து எனக்குத் திறந்து காட்டினார். பூட்டு விழவில்லை. ஏன் என்றேன். "கழட்டச் சொல்லிட்டேன். கௌதாரி எழும்பறப்ப கட்ட விரலால பூட்டத் தேடிட்டிருக்க நான் என்ன வக்கீலா?" என்றார். தெல்மோவுக்குப் போன் செய்தேன். "எல்லாருமே கேப்பாங்கம்மா, அவரு கேக்குறதுக்கு முன்னாடியே கழட்டி வச்சிருந்தேன். பழகின கஸ்டமர்னு கூலிகூட வாங்கல" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். நாவிதர் கடையில் முடிவெட்டிய பிறகு கழுத்தைத் துடைத்துவிடுவது போல நம் பக்கத்தில் இது ஒரு மரியாதை. அந்த மரியாதையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நான் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

முதல் ஞாயிறு நடந்ததை ஒனராத்தோ சொல்லித்தான் அறிந்தேன். வழக்கம்போல எல்லோரும் அறுவடையான நிலத்தில் பக்கவாட்டில் வரிசையாக நடந்திருக்கிறார்கள். அப்பா துப்பாக்கியை மடக்கிக் கைமேல் போட்டுக்கொண்டு பிரபு மாதிரி நடந்தாராம். முதல் கௌதாரி எழும்பியதும் மூடிச் சுட்டார், நல்ல குறி, விழுந்தது. மறுபடி தோட்டா போட்டு மூடினார். அப்புறம் மடக்கவில்லை. அப்படியே கல்வேலி ஏறித் தாண்டினார், அப்படியே திரும்பித் திரும்பிப் பேசினார். மறுவாரம் ஒருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவர் வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நானம், அதற்கும் அடுத்த வாரம் அதே பேரனுக்கு ஏதோ காய்ச்சல். மற்றவர்கள் பக்கத்து ஊர்ச் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். இப்போது வரிசை என்பது அப்பாவும் ஒனராத்தோவும்தான். "இந்தக் காலத்து ஆளுங்களுக்கு நடக்கத் தெம்பில்ல" என்கிறார் அப்பா, நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். நீங்களாவது சொல்லக்கூடாதா என்று ஒனராத்தோவிடம் கேட்டேன். "சொன்னா அவனுக்கு ஞாயித்துக்கெழமையே இல்லாமப் போயிருமே டீச்சர்" என்றார். துப்பாக்கி அலமாரியின் சாவியை ஒளித்து வைத்துப் பார்த்தேன். தொலைத்துவிடுவோம் என்று அவரே முன்யோசனையாக நாலு சாவி செய்து வைத்திருக்கிறார். அது மட்டும் எங்கே இருக்கிறதென்று மறப்பதில்லை.

நீ ஒன்றும் செய்ய வேண்டும் என்று இதை எழுதவில்லை, உன்னாலும் முடியாது, அங்கிருந்து நீ சத்தம் போட்டால் அவர் போனை என்னிடம் கொடுத்துவிடுவார். எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் குளிர் உடுப்பு தைத்து அனுப்பியிருக்கிறேன், உங்களுக்கு அங்கே கோடை என்று அனுப்பிய பிறகு ஞாபகம் வந்தது. நேரத்துக்குச் சாப்பிடு. நம் ஊர் மாதா உன்னையும் உன் வீட்டையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைப்போல் வளரட்டும். சனிக்கிழமையே போன் செய், ஞாயிறு அவர் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார். துப்பாக்கி எப்படி என்று ஒரு வார்த்தை கேள், சந்தோஷப்படுவார்.

உன் அம்மா,
பிராக்ஸெதெஸ்

பி.கு.: ஒனராத்தோ நேற்று பலென்சியாவுக்குப் போய், சாலை போடுகிறவர்கள் தூரத்திலேயே கண்ணில் படும்படி அணியும் ஆரஞ்சு நிற மேலங்கி ஒன்று தனக்கு வாங்கி வந்திருக்கிறார்.