ஆயா என்று கூப்பிட்டது

12-8-79, ஞாயிறு

சினிமாவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயா, உண்மையில் புடவை கட்டிய சி.ஐ.டி. தொட்டிலை ஆட்டிக்கொண்டே வீட்டு ரகசியத்தையெல்லாம் கேட்டுக்கொள்கிறான். விழுந்து விழுந்து சிரித்தேன்.

வீடு திரும்பியதும் மாமியார் கேட்டார்: "புள்ளய தூக்கிகினு வந்தவாசிக்கு, அம்மா வூட்டோட போய்டப் போறியாமே?"

என் கணவர் பாயை எடுத்துக்கொண்டு தறிப் பக்கம் போய்விட்டார்.

அந்த யோசனையை நான் சொன்னது ஒருத்தியிடம்தான். குழந்தைக்கென்று மாமியார் வைத்த வேலைக்காரியிடம். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. தினமும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பாட்டியென்றே நினைத்து மனம்விட்டுப் பேசிவிட்டேன்.

இப்போது அவள் தொட்டிலை ஆட்டியபடி, "இன்னும் இன்னாம்மா எழுதிகினு இருக்கே? தூங்கு" என்கிறாள். காலையில் மாமியார் இதையும் கேட்பார்.